ரப்பர் மாற்றும் முன் ரிசீவைப் பாருங்கள்

நாங்கள் டேபிள் டென்னிஸ் ஆடும் கிளப்பில் ரப்பர் ஒட்டும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. கை நடுங்காமல் கத்தரி பிடிக்கத் தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. இதில் எனக்குள்ள லாபம், எல்லோருடைய பழைய ரப்பரையும் உரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஆடித் தேய்ந்த ரப்பரைப் பார்த்தால் ஆள் எப்படி ஆடுகிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பந்தை உரசிச் சுழற்றி அடிக்கும் லூப்பைப் போடுகிறவரின் ஃபோர்ஹேண்ட் ரப்பரில் பேட்டின் நுனிப் பக்கம் ஒரு பட்டை மட்டும் பளபளப்பு போய் வெளுத்திருக்கும். வரும் பந்துக்கு பேட்டைக் காட்டித் தடுக்கும் பிளாக்கிலேயே காலம் தள்ளுகிறவருக்கு நட்டநடுவில் வட்டமாகத் தேய்ந்திருக்கும். விளிம்பில் வரிசையாக வெட்டுக்காயம் இருந்தால், நெட்டுக்குப் பக்கத்தில் விழும் பந்தை எடுக்கப் போய் மேசையில் இடித்துக்கொள்கிறார். ஃபோர்ஹேண்ட் தேய்ந்து பேக்ஹேண்ட் புதுசு போலவே இருந்தால், மனிதர் பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்துக்கெல்லாம் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டில் அடிக்கிறார். பேக்ஹேண்டுக்கு அவர் போட்ட பணம் வீண்.

புது ரப்பர் கேட்டு வருகிறவர்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. எது நல்ல ரப்பர், எது வேகம், உலக சாம்பியன் எதைப் போடுகிறார் என்றுதான் பேச்சு தொடங்கும். என் அபிப்பிராயம் வேறு. நம்முடைய நல்ல ஷாட்டுக்கு எந்த ரப்பர் போட்டாலும் சமாளித்துக்கொள்வோம், அது நம் கையில் ஊறிப்போன ஷாட். ரப்பர் நம்மைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் எதிராளி சர்வீஸ் போடும்போது. ஆகவே ரப்பரை ரிசீவுக்காக, அதாவது அந்த சர்வீஸைத் திருப்பி எடுப்பதற்காக, தேர்ந்தெடுங்கள் என்பேன். ஸ்மாஷுக்காகத் தேர்ந்தெடுத்தால், அந்த ஸ்மாஷ் அடிக்கும் வாய்ப்பே வராமல் ஆட்டம் முடிந்துவிடும்.

ஏன் அப்படி என்று சொல்ல, ரப்பருக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பேட்டின் மரப்பகுதிக்கு பிளேடு என்று பெயர். அதன்மேல் ஒட்டுவதில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே மெல்லிய ரப்பர் தாள், அடியில் ஸ்பாஞ்சு. ரப்பர் தாளின் ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் சின்னச் சின்ன முளைகளோடும் இருக்கும். முளைகள் உள்ளே ஸ்பாஞ்சைப் பார்த்தபடி இருந்தால் அது நாம் அதிகம் பார்க்கும் சாதாரண ரப்பர். முளைகள் வெளியே பந்தைப் பார்த்தபடி இருந்தால் அது பிம்பிள்ஸ். சர்வதேச விதிப்படி ஸ்பாஞ்சும் பசையும் சேர்த்து ஒரு பக்கத்தின் மொத்தக் கனம் 4 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஸ்பாஞ்சே இல்லாத பிம்பிள்ஸ் என்றால் 2 மி.மீ.தான்.

மேல்தாள் பந்தைப் பிடிக்கிறது. ஸ்பாஞ்சு பந்தை உள்வாங்கித் திருப்பி எறிகிறது. இந்த ஸ்பாஞ்சு என்ன செய்யும் என்பதை உலகம் 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் பார்த்தது. ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாத்தோ, தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய பேட்டோடு ஆடி ஒற்றையர் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். அதுவரை முளை வைத்த கெட்டி ரப்பரில் பந்து படும் சத்தத்தைக் கேட்டே வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள், சத்தமே எழாத அந்த பேட்டின் முன் தடுமாறிப்போனார்கள்.

பிடிமானம் அதிகமான ரப்பரில் நாம் நிறைய ஸ்பின், அதாவது சுழற்சி, போடலாம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் ஸ்பின், எதிராளியின் ஸ்பின் என்ற பேதம் ரப்பருக்குத் தெரியாது. எந்தப் பிடிமானத்தால் முன்னோக்கிச் சுழலும் நம் டாப்ஸ்பின் மேசையில் குத்தி எகிறுகிறதோ, அதே பிடிமானத்தால்தான் எதிராளியின் சைட்ஸ்பின் சர்வீஸ் நம் பேட்டில் பட்டதும் பக்கவாட்டில் ஓடுகிறது. ஸ்பாஞ்சின் கதையும் இதேதான். துள்ளும் ஸ்பாஞ்சு லேசாகத் தொட்டாலும் துள்ளும். நெட்டுக்கு அருகே சின்னதாகத் தள்ளிவிட நினைத்த புஷ், அரை அடி உயரமாக, மேசையின் கடைசிவரை போய் நிற்கும். எதிராளிக்கு அது தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

உங்கள் புள்ளிகள் எங்கே போகின்றன என்று நினைவிலிருந்து சொல்ல முயலாதீர்கள். தோற்ற ஆட்டத்தில் நம் நினைவில் நிற்பது கடைசியில் வெளியே அடித்த அந்த ஒரு ஸ்மாஷ் மட்டும்தான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுத்து ரிசீவ், மூன்றாவது பந்து, பிளாக், ராலி என்று நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். மூன்றாவது பந்து என்றால் உங்கள் சர்வீஸுக்கு வந்த பதிலை நீங்கள் அடிப்பது. பறிகொடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்குரிய கட்டத்தில் ஒரு கோடு. கொஞ்சம் வலுவான ஆளோடு ஆடும்போது எழுதினால்தான் இது பயன்படும். எங்கள் கிளப்பில் இப்படிக் கோடு போட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலோருக்கு ரிசீவ் கட்டம்தான் நிரம்பியிருந்தது. எனக்கும் அதுதான். நான் ஃபோர்ஹேண்ட் லூப்பை நம்பி ஆடுகிறவன். ராலி கட்டத்தில் ஒன்றிரண்டு கோடு, ரிசீவில் கொத்துக்கொத்தாக.

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் ஒருநாள் பேட்டை நீட்டினான்.

"அண்ணே, இந்த ரப்பர் செத்துப்போச்சு. இதவிட ஸ்பீடா ஒண்ணு சொல்லுங்க."

"ஸ்பீடு பத்தாம இன்னைக்கு எத்தனை பாயின்ட் விட்ட?"

கொஞ்சம் யோசித்தான். "சர்வீஸ் எடுக்கறதுலதாண்ணே நிறைய போச்சு."

"அப்ப ஸ்பீடா ஒண்ணு போட்டா, அந்த சர்வீஸ் இன்னும் ஸ்பீடா வெளிய போகும். அவ்ளோதான்."

அவனுக்கு என் பதில் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் இருப்பதிலேயே தடித்த ஸ்பாஞ்சில், விலை உயர்ந்த ரப்பர் வைத்திருந்தான். ரப்பர் சாகவும் இல்லை, மூச்சுவிட்டு ஊதினால் படியும் ஈரம் சீராகப் பரவியது, பந்தை வைத்து உருட்டினால் பிடித்தது. ஃபோர்ஹேண்டைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி, பேக்ஹேண்டுக்கு மட்டும் துள்ளல் குறைந்த ரப்பர் ஒன்றை 1.8 மி.மீ.யில் ஒட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அவன் புஷ் நெட்டை உரசினாற்போல் தாழப் போகிறது, எதிராளிக்கு அடிக்க வாகாக எழும்பவில்லை. அதே சமயம், கனமான பேக்ஸ்பின்னில், அதாவது பின்னோக்கிச் சுழன்றபடி, வரும் பந்தை பேக்ஹேண்டால் தூக்கி அடிக்கப் போனால் நெட்டில் விழுந்தது. முன்பு ஸ்பாஞ்சு தூக்கிக் கொடுத்தது, இப்போது முழங்காலை மடக்கி அவனே தூக்க வேண்டும். "எனக்கு ரெண்டும் வேணும்ணே" என்றான். யாருக்குத்தான் வேண்டாம். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். எதைக் கொடுக்கலாம் என்பதற்குத்தான் அந்தத் தாளில் போட்ட கோடுகள்.

ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரே ரப்பரைச் சிவப்பில் ஒன்று, கருப்பில் ஒன்று வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் ஃபோர்ஹேண்டில் இடுப்பைத் திருப்பி, கையை நீட்டி வீச இடமிருக்கிறது. பேக்ஹேண்டில் வயிற்றுக்கு முன்னால் ஒரு சாண் இடம்தான். வீச்சு நீளமானால் கெட்டியான ஸ்பாஞ்சையும் அமுக்கிவிடலாம், வீச்சு குறுகினால் ஸ்பாஞ்சுதான் உதவிக்கு வர வேண்டும். சீனாவின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் ஃபோர்ஹேண்டில் ஒட்டும் தன்மையுள்ள கெட்டி ரப்பரையும், பேக்ஹேண்டில் துள்ளல் உள்ள ஜப்பான் அல்லது ஜெர்மன் வகை ரப்பரையும் வைத்திருப்பது இதனால்தான். சீன ஆட்டக்காரர் மா லாங்கின் ஃபோர்ஹேண்டில் இருந்தது டிஹெச்எஸ் நிறுவனத்தின் ஹரிகேன் 3. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினவர்கள் எங்களிடையே உண்டு. அந்த ரப்பரில் பந்து வேகமாகப் போக வேண்டுமானால் காலிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாக வரும் முழு வீச்சு வேண்டும். கையை மட்டும் ஆட்டினால் பந்து ஸ்பாஞ்சுக்குள் இறங்கவே இறங்காது, வழுக்கி நெட்டில் போய் விழும். ஆனால் இதே ஒட்டும் ரப்பர் சர்வீஸ் போடவும், நெட்டுக்குப் பக்கத்தில் தாழ வைக்கவும் அருமையானது. மெதுவாகத் தொட்டால் அது துள்ளாது. உடம்பைப் போட்டு ஆடுகிற இளைஞர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். மேசையோடு ஒட்டி நின்று கையால் ஆடுகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

கெட்டி, மெது என்று பேசும்போது பொட்டலத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பி ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வோர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பட்டர்ஃபிளை நிறுவனத்தின் டெனர்ஜி 05 ரப்பரின் ஸ்பாஞ்சுக்கு 36 என்று போடுவார்கள். எக்ஸியோம் வேகா யூரோப்புக்கு 42.5, வேகா புரோவுக்கு 47.5. ஹரிகேன் 3இல் 39, 40, 41 என்று வரும். 40 போட்ட ஹரிகேனை அமுக்கிப் பாருங்கள், 47.5 போட்ட வேகா புரோவைவிடக் கெட்டியாக இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு ரப்பர்களை ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும்.

மெதுவான ஸ்பாஞ்சுக்கு ஓர் எல்லை உண்டு. நடுத்தர வீச்சில் பந்து நன்றாக அமுங்கி, வளைந்து மேசையில் இறங்கும், ஆடுகிறவனுக்குச் சுகமாக இருக்கும். பலமாக அடித்தால் ஸ்பாஞ்சு முழுக்க நசுங்கி, பந்து மரத்தில் முட்டுவது கைக்கே தெரியும். அதற்கு மேல் எத்தனை பலம் போட்டாலும் ஸ்பின் ஏறாது, பந்து நேராகப் பறக்கும். கெட்டி ஸ்பாஞ்சு இதற்கு நேர்மாறு, பலம் போடப் போட வாங்கிக்கொண்டே இருக்கும், பலம் குறைந்தால் ஒன்றுமே தராது. உங்கள் வீச்சு எந்தப் பக்கம் எப்படி என்று நீங்களே சொல்லிக்கொள்வதைவிட, பக்கத்தில் நின்று பார்க்கும் ஒருவர் சொன்னால் சரியாக இருக்கும்.

ஸ்பாஞ்சின் கனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1.5 என்றால் கட்டுப்பாடு, 2.1க்கு மேலே வேகம், நடுவே 1.8, 2.0. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் 1.8. மேசையிலிருந்து தள்ளி நின்று பந்தை வெட்டித் திருப்பும் சாப் ஆடுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் 1.5க்குக் கீழே போகத் தேவையில்லை. ஆனால் கனம் கூடினால் எடையும் கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை. தடித்த கெட்டி ரப்பர் ஒன்று வெட்டிய பிறகு 50 கிராம் வரை வரும், மெல்லிய மெது ரப்பர் 40ஐ ஒட்டி நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 20 கிராம் வித்தியாசம். முதல் ஆட்டத்தில் தெரியாது, ஐந்தாவது கேமில் பேக்ஹேண்ட் பிளாக் தாமதமாகும்போது தெரியும். மணிக்கட்டு வலிக்கிறது என்று வருகிறவர்களின் பேட்டை நான் முதலில் தராசில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

புதிதாக வருகிறவருக்கு எது என்றால், என் பதில் பல வருடமாக மாறவில்லை. கடையில் ஒட்டியே வரும் பேட்டுகளில் மேல்தாள் பெரும்பாலும் வழுக்கும், ஸ்பின் என்றால் என்னவென்றே அதில் கற்க முடியாது. நல்ல ஐந்தடுக்கு மரத்தில், துள்ளல் அடங்கிய சாதாரண ரப்பர் இரண்டு பக்கமும். யாசகா நிறுவனத்தின் மார்க் ஃபைவ் ரப்பர் 1969இல் வந்தது, இன்றும் விற்கிறது. இத்தனை காலம் ஒரு ரப்பர் சும்மா நிற்காது.

பிம்பிள்ஸுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது, நானே அதை வைத்து ஆடுவதில்லை என்றாலும்.

ஷார்ட் பிம்பிள்ஸில் முளைகள் குட்டையாக, தடிப்பாக இருக்கும். பந்தைத் தொடும் பரப்பு குறைவு, அதனால் வருகிற ஸ்பின் அதிகம் ஒட்டாது, நாம் போடும் ஸ்பின்னும் குறைவுதான். தட்டையாக, வேகமாக, மேசையோடு ஒட்டி நின்று அடிக்கிறவர்களுக்கானது. பந்து வளையாமல் தாழ வரும், எதிர்பார்த்ததைவிடச் சற்று முன்னாலேயே விழும். ஜப்பானின் மீமா இத்தோவின் பேக்ஹேண்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

லாங் பிம்பிள்ஸ் வேறு உலகம். நீளமான, மெல்லிய, வளையும் முளைகள். பந்து பட்டதும் முளைகள் மடங்கி வழிவிடும், பந்தைப் பிடிப்பதில்லை. இதனால் பந்தில் ஏற்கெனவே இருக்கும் சுழற்சி பெரிய அளவுக்கு அப்படியே தங்கிவிடுகிறது. பந்து சுற்றும் திசை மாறுவதில்லை, பயணத் திசைதான் மாறுகிறது. நம்மை நோக்கி வரும்போது டாப்ஸ்பின்னாக இருந்த அதே சுழற்சி, திரும்பிப் போகும்போது பேக்ஸ்பின் ஆகிவிடும். எதிராளி எவ்வளவு வெறியோடு லூப் போடுகிறாரோ அவ்வளவு கனமான பேக்ஸ்பின் அவருக்கே போய்ச் சேரும், நாம் பேட்டைக் காட்டியது தவிர ஒன்றும் செய்திருக்க மாட்டோம். அவர் பேக்ஸ்பின்னாகப் புஷ் செய்தால் நம் புஷ் லேசான டாப்ஸ்பின்னாகப் போகும். அவர் ஸ்பின்னே இல்லாமல் கொடுத்தால் நம்மிடமிருந்தும் ஒன்றும் போகாது. லாங் பிம்பிள்ஸின் பலவீனம் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

எங்கள் கிளப்பில் மூத்தவர் ஒருவர், சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், மூட்டுவலி வந்த பிறகு பேக்ஹேண்டுக்கு லாங் பிம்பிள்ஸ் மாற்றிக்கொண்டார். மேசையை விட்டு ஒரு அடி நகர மாட்டார். பாய்ந்து பாய்ந்து லூப் போடும் பிள்ளைகள் மூன்றாவது பந்திலேயே நெட்டில் கொண்டுபோய் அடிப்பார்கள், பந்து எப்படிக் கனத்தது என்று புரியாமல். அவரைத் தோற்கடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஸ்பின் இல்லாத சாதுவான பந்துகளை அந்தப் பக்கமே நீளமாகக் கொடுத்துக்கொண்டிருப்பது. அதையும் அவர் கண்டுகொண்டார். மெதுவான பந்து வரும்போது கைக்குள் பேட்டைச் சட்டென்று புரட்டி, சாதாரண ரப்பரால் அடிப்பார். "சார், திருப்பிட்டீங்க!" என்று பையன்கள் கத்துவார்கள். "கலரப் பாக்கணும்டா" என்பார்.

அந்தக் கலர் விதியே இதற்காக வந்ததுதான். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் ஆடினார் என்றே தெரியாமல் எதிராளியைக் குழப்பினார்கள். 1986 முதல் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் கருப்பு என்று ஆனது. 2021 அக்டோபரிலிருந்து சிவப்புக்குப் பதில் இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் ஆகியவையும் ஆகலாம், இன்னொரு பக்கம் கருப்பாக இருந்தால் போதும். உராய்வே இல்லாத வழுக்கு லாங் பிம்பிள்ஸ் 2008இல் தடைசெய்யப்பட்டது. இப்போது கிடைப்பவற்றில் ஓரளவு பிடிமானம் இருக்கும்.

லாங் பிம்பிள்ஸ் என்றால் வயதானவர்களின் சமாளிப்பு என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய சீனாவின் டெங் யாப்பிங்கின் பேக்ஹேண்டில் இருந்தது அதுதான். 2018 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ராவும் பேக்ஹேண்டில் அதை வைத்துத்தான் உலகத் தரவரிசையில் மேலே இருப்பவர்களைத் திணறடித்திருக்கிறார். சமாளிப்புக்கு ஆடுகிறவர்களைப் போலவா அவர்கள் ஆடினார்கள்? ஆனால் ரிசீவ் பயத்தால் மட்டும் பிம்பிள்ஸுக்குத் தாவ நினைக்கும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை நான் தடுப்பேன். முதலில் சாதாரண ரப்பரில் ஸ்பின்னைப் படிக்கக் கற்கட்டும். ஸ்பின் படிக்கத் தெரியாதவர் கையில் லாங் பிம்பிள்ஸ் இருந்தால், தன் பந்து எப்படிப் போகிறது என்று அவருக்கே தெரியாது. ஆன்டி ஸ்பின் ரப்பரும் இதே குடும்பம்தான், வெளியே பார்க்கச் சாதாரண ரப்பர் போலிருக்கும், தடவினால் வழுக்கும், ஸ்பாஞ்சில் உயிரிருக்காது.

இணையத்திலும் மூத்தவர்களிடமும் கிடைக்கும் ஆலோசனைகளில், அவை எந்தக் காலத்து ஆட்டத்துக்குரியவை என்று பாருங்கள். 2000இல் பந்து 38 மி.மீ.யிலிருந்து 40 ஆனது. 2014இல் செல்லுலாய்டு போய்ப் பிளாஸ்டிக் வந்தது. இரண்டு முறையும் பந்தின் ஸ்பின் குறைந்தது. ஸ்பீடு க்ளூ என்று ஒன்று இருந்தது. ஆட்டத்துக்கு முன் பூசினால் அதன் ஆவி ஸ்பாஞ்சுக்குள் புகுந்து உப்பவைத்து, ரப்பரை இழுத்துப் பிடித்த தோல் போல் ஆக்கிவிடும், பந்து பறக்கும். உடல்நலக் காரணத்துக்காக 2008இல் அதைத் தடைசெய்தார்கள். அதே ஆண்டில் வந்த டெனர்ஜி போன்ற ரப்பர்கள் அந்தத் துள்ளலைத் தொழிற்சாலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்தன. ஆகவே, ஸ்பீடு க்ளூ பூசி ஆடிய காலத்தில் மெதுவானது என்று பெயர் வாங்கிய ரப்பரையும் இன்றைய ரப்பரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஸ்பாஞ்சை உப்பவைக்கும் பூஸ்டர் எண்ணெய் தடவித் தருகிறேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கிய ரப்பரை ரசாயனமாகவோ வேறு வழியிலோ மாற்றக் கூடாது என்பது விதி. விதியை விடுங்கள், எண்ணெயின் வீரியம் வாரத்துக்கு வாரம் குறையும்போது உங்கள் பேட்டும் வாரத்துக்கு வாரம் வேறு பேட்டாகிவிடும். அதை வைத்து எந்த ஷாட்டைப் பழகுவது?

வாங்கும்போது ரப்பரின் மேல்தாளில், கைப்பிடியை ஒட்டி வரும் இடத்தில், சர்வதேச சம்மேளனத்தின் முத்திரையும் எண்ணும் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும்போது அதை வெட்டிவிடாதீர்கள். போட்டியில் நடுவர் தேடுவது அதைத்தான்.

ஒட்டுவது பெரிய வித்தையல்ல, பொறுமைதான் வேண்டும். பழைய ரப்பரைக் கைப்பிடிப் பக்கத்தின் மூலையிலிருந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, குறுக்காக இழுக்காமல் மெல்ல உரியுங்கள். குறுக்கே இழுத்தால் மரச்செதிள் கையோடு வந்துவிடும். மரத்தில் மிஞ்சிய காய்ந்த பசையை விரலால் உருட்டி உருட்டி எடுத்தால் நூல்நூலாக வந்துவிடும். பிறகு தண்ணீர்ப் பசை. ஸ்பாஞ்சிலும் மரத்திலும் தனித்தனியாக மெல்லிய ஒரு பூச்சு. பூசும்போது பால் வெள்ளையாக இருக்கும், அந்த வெள்ளை முழுக்க மறைந்து கண்ணாடி போல் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்பாஞ்சு பசையைக் குடிக்கும் என்பதால் அதற்கு இன்னொரு பூச்சு கொடுப்பேன். வெள்ளை மறையும் முன்பே அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளே ஈரம் சிக்கி, தட்டினால் அந்த இடம் மட்டும் செத்த சத்தம் கேட்கும். கைப்பிடிப் பக்கத்தை முதலில் பொருத்தி, ரப்பரை இழுக்காமல் அதன் போக்கில் படியவைத்து, ஒரு கண்ணாடிக் குப்பியை மேலே உருட்டினால் போதும். இழுத்து ஒட்டினால் ஓரிரு நாளில் விளிம்பு உள்ளே சுருங்கி, மரம் தெரியும். வெட்டுவதற்கு பேட்டைக் கவிழ்த்துவைத்து, புதுக் கத்தியால் மரவிளிம்பை ஒட்டி ஒரே இழுப்பு. நான் கத்தரிதான் பிடிக்கிறேன், அது பழக்கம். கடைசியில் விளிம்பைச் சுற்றி டேப்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளேடு, இரண்டு ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு ஆட்டம் சரிந்தால், எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. புது ரப்பரைப் போட்டியின் முந்தைய நாள் ஒட்டாதீர்கள். முதல் சில மணி நேர ஆட்டத்தில் அது விறைப்பாக இருக்கும், அதன் பிறகுதான் இளகித் தன் குணத்தைக் காட்டும். அந்தச் சில மணி நேரத்தில் லூப் அடித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல், யாரையாவது சர்வீஸ் போடச் சொல்லி ரிசீவ் மட்டும் எடுங்கள். தாழ வைக்க முடிகிறதா, நீளமாக முடிகிறதா, பக்கத்துக்கு ஓடும் சர்வீஸை மேசைக்குள் அடக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஆடி முடித்ததும் ஈரத் துணியாலோ ஸ்பாஞ்சாலோ தூசியைத் துடைத்து, காய்ந்ததும் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிவையுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பேட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள், வெப்பம் ரப்பரை வேகமாகக் கொல்கிறது. துடைத்த பிறகும் பந்து வழுக்கினால், அல்லது நடுப்பகுதி மட்டும் மங்கி நிரந்தரமாக வெளுத்துப்போனால், மாற்றும் காலம் வந்துவிட்டது. வாரத்தில் சில நாள் ஆடுகிறவருக்குத் துள்ளல் ரப்பர் சில மாதங்களுக்கு நல்ல நிலையில் இருக்கும், ஒட்டும் சீன ரப்பர் இன்னும் கொஞ்சம் தாங்கும். உங்களுக்குப் பொருந்துகிற ரப்பர் அமைந்துவிட்டால் அதே பெயரில், அதே கனத்தில், அதே கெட்டியில் இன்னொன்று வாங்கிவைப்பது நல்லது. அதற்கு மேல் சேர்க்க வேண்டாம், பிரிக்காத பொட்டலத்துக்குள்ளும் ரப்பர் மெல்ல மூப்படைந்துகொண்டுதான் இருக்கும்.